நாலாம் வார்த்தைப் பாட்டு

உனக்கும் அந்தச் சின்ன வெள்ள மாத்திரைதானா? சீட்டக் கொஞ்சம் காட்டு. ஆமா, இதேதான். காலையில சாப்பிட்ட பொறவு ஒண்ணு. எனக்கும் இப்படித்தான் எழுதுனாவ, பதினஞ்சு வருசத்துக்கு முன்னால. மூணு மாசத்துக்குன்னுதான் எழுதுனாவ. சரி சரி, பயந்துராத. எல்லாருக்கும் ஒண்ணு போல இருக்காது.

உக்காரு, இப்ப கூப்பிட மாட்டாவ. நீ அம்பத்தி நாலா? நான் அம்பத்தி ஒண்ணு. உள்ள நாப்பத்தாறுதான் போயிருக்கு. டாக்டரம்மா நல்ல மாதிரி. ஒவ்வொரு மூட்டா அமுக்கிப் பாத்துத்தான் விடுவாவ, அதான் நேரமாவுது. எங்க வீட்டுக்காரவிய பழைய சீட்ட வச்சி மருந்துக் கடை வரிசையில நிக்காவ. அந்தா, நீலச் சட்ட. காதுல மிசின் வச்சிருக்காவ பாரு, அவியதான்.

என்னல்லாம் செய்யும்னு கேக்க. போன்ல பாத்தியா? பாக்காத. முகம் ஊதும். இது என் முகம் இல்ல கேட்டியா. பேங்க்ல அந்த மேனேஜர் பையன் ஆதார் கார்டையும் என்னையும் மூணு தடவ மாத்தி மாத்திப் பாத்தான். தோலு மெலிஞ்சிரும், கதவுல லேசா இடிச்சாலே நீலமாக் கன்னிப் போவும். பசின்னா அப்படிப் பசி. சுகர் வரும். ஆனா வலி போயிரும்மா, அத ஒத்துக்கிடணும். மொத மாத்திரை போட்ட மறுநாளு நானே எந்திரிச்சு நானே ஜாக்கெட் ஊக்கு மாட்டுனேன். அதுக்கு முன்ன ஆறு மாசமா இவியதான் மாட்டி விட்டாவ. தப்புத் தப்பா மாட்டுவாவ.

நீ பாடுவியா? பாட மாட்டியா? அப்ப ஒண்ணுமில்ல. தாராளமாப் போடு.

நான் பாடுவேன். பாடுவேன்னா மேடையில இல்ல, கோயில்ல. எங்க ஊரு சாத்தான்குளம் பக்கம், கிருபாபுரம்னு சின்ன ஊரு. நீ பொட்டு வச்சிருக்க, அதனால வெவரமாச் சொல்லுதேன். பெரிய வெள்ளின்னு ஒரு நாள் உண்டு, ஏசுசாமிய சிலுவையில அறைஞ்ச நாளு. அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்களுக்கு ஆராதனை. அவரு சிலுவையில கெடந்து ஏழு வார்த்த சொன்னாரு. ஏழுக்கும் ஏழு பிரசங்கம், ஏழு பாட்டு. நாலாவது வார்த்ததான் ரொம்பக் கசப்பானது. கடவுளே, ஏன் என்னக் கைவிட்டீருன்னு அவரே கேக்கது. அதுக்கான பாட்டு எங்க ஊர்ல மட்டுந்தான் உண்டு. பழைய உபதேசியார் ஒருத்தரு, கோயில்ல போதிக்கவரு, எழுதி வச்சிட்டுப் போனது, புஸ்தகத்துல கெடையாது.

அதப் பாடுதது ஒரு ஆளு. பல்லவிய மட்டும் குழு சேந்து பாடும். மத்ததெல்லாம் ஒத்தக் குரல். கடைசியில 'ஏன்'னு ஒரே ஒரு வார்த்த. கீழ இருந்து மேல ஏறி அங்கனயே நிக்கணும். சபை முழுக்க முழங்கால்ல இருக்கும், கண்ண மூடிட்டு. எண்ணூறு பேரு. பாடகர் குழு தலையக் குனிஞ்சு நிக்கும். மணிக்கூண்டு வாசல் பக்கம். அங்க கோயில்குட்டியாரு, அதாவது மணியடிக்கவரு, கயித்தப் பிடிச்சிட்டு நிப்பாரு. அங்கேருந்து நாங்க தெரிய மாட்டோம். அவருக்கு ஒரே கணக்குதான். குரல் நின்னதும் ஒத்த மணி. குரல் இருக்க வரைக்கும் மணி கெடையாது. அந்த மணி ஊருக்கே கேக்கும். எழும்ப முடியாம படுக்கையில கெடக்கவிய கூட அதக் கேட்டுத்தான் அன்னைக்கு ஜெபம் பண்ணுவாவ.

முப்பத்திரெண்டு தடவ பாடிருக்கேன். மொதத் தடவ இருவத்தேழு வயசு. அப்பதான் கல்யாணம் ஆயி ரெண்டு வருசம். அன்னைக்கு மணியடிக்கதுக்குள்ள கோயில்குட்டியாருக்குக் கை கடுத்துப் போச்சுன்னு ஊர்ல சிரிச்சாவ. எங்க வீட்டுக்காரவிய பேஸ், அதாவது அடிக்குரல் பாடுவாவ, கடைசி வரிசை. இப்பவும் அங்கனதான் நிக்காவ, காது மந்தமான பொறவும் விடல. கூட்டுறவு பேங்க்ல இருந்தாவ, கோயில்பிள்ளை சாருன்னு கேட்டா சாத்தான்குளத்துல எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு வீட்டுக்கு வந்தாவ. சோத்தப் போட்டு வச்சிட்டு சாப்பிடாம உக்காந்துட்டாவ. என்னன்னு கேட்டா, 'இன்னும் காதுக்குள்ள நிக்கி'ன்னாவ. அவ்வளவுதான் அவிய பேச்சு. அதிகம் பேச மாட்டாவ.

அவியளுக்கு அந்தப் பாட்டுதான் வருசம். மத்தவியளுக்கு கிறிஸ்மஸ், இவியளுக்கு அந்த ஒரு நாளு. அத மனசுல வச்சிக்கோ, பொறவு சொல்லுதேன்.

நாப்பத்தி நாலு வயசுல எனக்கு இந்த மூட்டு வாதம் வந்துச்சு. மாத்திரையும் வந்துச்சு. மொத நாலஞ்சு வருசம் குரலுக்கு ஒண்ணும் ஆகல. சொல்லப் போனா இன்னும் நல்லா இருந்துச்சு. அது ஏன்னு அப்ப தெரியல. மாத்திரை ஏறுன அன்னைக்கு மூச்சு லேசா இருக்கும், தொண்ட தொறந்து கெடக்கும். நானா ஒரு பழக்கம் வச்சிக்கிட்டேன். குருத்தோலை ஞாயிறு, அதாவது அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமையில இருந்து பெரிய வெள்ளி வரைக்கும் ரெண்டு மாத்திரை கூடுதலாப் போடுவேன். டாக்டரம்மாட்ட சொல்லல. ஈஸ்டர் முடிஞ்சதும் பழையபடி. ஒரு வருசம் டக்குனு கொறச்சதுல அடுப்படியில மயங்கி விழுந்தேன். விரதம் இருந்ததால மயக்கம்னு எல்லாரும் சொல்லிட்டாவ, நானும் ஆமான்னுட்டேன். நீ அப்படிச் செய்யாத, கேட்டியா? கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சொல்லுதேன்ல.

அம்பதுக்குப் பொறவுதான் கரகரப்பு. காலையில எந்திரிச்சா எங்குரல எனக்கே அடையாளம் தெரியாது. போன் எடுத்தா 'சார், மேடம் இருக்காங்களா'ன்னு கேப்பானுவ. டாக்டரம்மாட்ட கேட்டேன், மாத்திரையாலயான்னு. 'தொண்டைக்குள்ளயும் குட்டி மூட்டு இருக்கும்மா, உங்க வாதம் அங்கயும் வரும். மாத்திரை தசையக் கரைக்கும். வயசும் இருக்கு. மூணுல எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது'ன்னாவ. சரி, மூணு பேரும் சேந்து பாடுதாவன்னு வச்சிக்கிட வேண்டியதுதான்னு நான் சொன்னேன். அவிய சிரிக்கல.

ஆனா கோயில்ல சமாளிச்சிட்டேன். சுருதிய அஞ்சு கட்டையில இருந்து நாலரைக்கு எறக்குனான் துரைசிங். அவந்தான் எங்க பாடகர் குழுவுக்கு மாஸ்டர், பள்ளிக்கூடத்து வாத்தியாரு, எனக்குத் தம்பி முறை. என்னல திடீர்னுன்னு கேட்டேன். 'பல்லவிக்கு டெனர்காரங்களுக்கு எட்டலக்கா'ன்னான். அடுத்த வருசம் நாலு. பொறவு மூணு. ஆம்பளைகளுக்கு வயசாயிட்டு, என்ன செய்ய. அவனுவளுக்காக நானும் எறங்கிக் குடுத்தேன்.

அஞ்சு வருசம் முன்னால, பெரிய வெள்ளிக்கு ஒரு மாசம் இருக்கும்போது, இவிய ரெண்டு நாளு சாயங்காலம் துரைசிங் வீட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தாவ. என்னன்னு கேட்டா கோயிலுக்கு வெள்ளையடிக்கத பத்தின்னாவ. மூணாம் நாளு பயிற்சியில ஒரு பிள்ளையக் கொண்டாந்து எனக்கு நேர் பின்னால நிறுத்துனான் துரைசிங். கெசியான்னு பேரு. காலேஜ் மொத வருசம். இவிய கூட பேங்க்ல இருந்தவரு மவ, அவரு தவறிட்டாரு. ஒல்லிப் பிள்ள. வாயத் தொறந்தா காத்துதான் வரும்போலன்னு நெனச்சேன்.

'எதுக்குல இவள எனக்குப் பின்னால?'ன்னேன்.

'சின்னப் பிள்ளக்கா. உங்ககிட்ட நின்னா தைரியம் வரும்'ன்னான்.

அந்த வருசம் எனக்குப் பாட்டு வந்துச்சு பாரு. நாலு வருசமா அடச்சுக் கெடந்த மேல் சுருதி, தொண்டையில கல்லு நவுந்த மாதிரி, வந்துச்சு. நின்னுச்சு. சபையில பொம்பளைங்க அழுதாவ. வாசல்ல பிடிச்சு நிறுத்தி, 'ரஞ்சிதம், உனக்கு வயசு பின்னால போவுது'ன்னாவ. பனங்கற்கண்டு வெந்நீருன்னு நான் சொன்னேன். மனசுக்குள்ள மாத்திரைன்னு நெனச்சேன். அந்த வருசம் ரெண்டுக்கு மூணாப் போட்டிருந்தேன். அதுக்கடுத்த மூணு வருசமும் அப்படியே.

கோயில்ல குழுவாப் பாடுறவங்களுக்குத் தெரியும். பக்கத்துக் குரல் நம்ம தொண்டையில இருந்து வாரது போலவே இருக்கும். எது நம்மளதுன்னு பிடிபடாது. அது தப்பில்ல, அதுக்குத்தான் பழகுதது.

இவியளுக்கு அந்தப் பிள்ள மேல பிரியம். கிறிஸ்மஸ் வந்தா அவளுக்கு ஒரு சுடிதார் துணி. ஈஸ்டருக்கு ஒண்ணு. எனக்குக் கூட அப்படிப் பாத்து எடுத்ததில்ல. அப்பா இல்லாத பிள்ளன்னாவ. சரிதான். பெண் பிள்ள இல்லாத கொற இவியளுக்கு. எங்களுக்கு ஒரே பையன், மஸ்கட்ல இருக்கான்.

எனக்கு அவள ஆகல. ஏன்னு சொல்லுதேன். குழுவுல மூச்சு ஒண்ணா வாங்கணும். அதுதான் சட்டம். இந்தப் பிள்ள நான் வாங்குத எடத்துல வாங்கவே மாட்டா. நான் நிறுத்துனா இவ இழுப்பா. நான் இழுக்கும்போது பின்னால 'ஸ்ஸ்'ன்னு வாங்குவா. கழுத்துல காத்துப் படும். பேஸ் பாடுத ஆம்பளைக்கு அது தெரியுமா, நமக்குத் தெரியும்லா. பல்லவி மட்டும் பாட வேண்டியவ, எம்பாட்டு முழுக்க உதட்ட அசைச்சிக்கிட்டே நிப்பா. பயிற்சியில திரும்பிப் பாப்பேன், டக்குனு மூடிக்கிடுவா. வாலிபர் கூட்டத்துல தனியாப் பாடச் சொன்னா மாட்டேம்பா. அப்ப என்ன அர்த்தம்? எம்பாட்டத் திருடிட்டுப் போவ நிக்கான்னுதானே?

போன வருசம் லெந்துல, லெந்துன்னா அந்த நாப்பது நாள் விரதம், எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். பயிற்சி முடிஞ்சு பாயச் சுருட்டுதாவ, நான் சொன்னேன், 'துரைசிங், இந்தப் பிள்ள எனக்குப் பின்னால நிக்கக் கூடாது. அந்தப் பக்கம் ஆல்டோவுல போயி நிக்கட்டும்.'

துரைசிங் என்னப் பாக்கல. இவியளப் பாத்தான். இவிய பாட்டுப் புஸ்தகத்தப் பாத்துட்டு இருந்தாவ. பக்கம் கூடத் திருப்பல.

'அக்கா, பெரிய வெள்ளி முடியட்டுமே'ன்னான்.

'முடியாது. ஒண்ணு அவ, இல்ல நானு. நான் குருவானவர்ட்ட போவேன்'ன்னேன்.

இவிய எந்திரிச்சு, 'ரஞ்சிதம், வேண்டாம்'ன்னாவ. அத்தன பேரு முன்னால. கல்யாணமாயி முப்பத்தி மூணு வருசத்துல என்ன வேண்டாம்னு சொன்னது அன்னைக்குத்தான். அதுலதான் எனக்கு இன்னும் வெறி வந்துச்சு. ஊரான் பிள்ளைக்காக எனக்கு எதிர நிக்காவளேன்னு.

அந்தப் பிள்ள எங்கையப் பிடிச்சா. 'அக்கா, பெரிய வெள்ளி அன்னைக்கு மட்டும் நிக்கேன்க்கா. அப்புறம் குழுவ விட்டே போயிருதேன்'ன்னா. கண்ணுல தண்ணி. என்ன தைரியம் பாரேன்னு நெனச்சேன். கைய உதறுனேன். எனக்கு அந்த மணிக்கட்டு வலிக்கும்லா, வேகமா உதறுனதுல எனக்குத்தான் உயிர் போச்சு.

ஆல்டோவுக்கு, பொம்பளைங்க தாழ்குரல் வரிசைக்கு, அனுப்பிட்டாவ.

பெரிய வெள்ளி. காலையில நாலு மாத்திரை போட்டேன். வெறும் வயித்துல, விரதம். முகம் சிவந்து போச்சு, ஆனா தெம்பா இருந்துச்சு. ஒண்ணே முக்கால் மணிக்கு நாலாம் வார்த்தப் பிரசங்கம் முடிஞ்சுது. சபை முழங்காலுக்குப் போச்சு. மைக்க முன்னால இழுத்துக்கிட்டேன். கீழ் சுருதி எல்லாம் நல்லா வந்துச்சு. கரகரன்னுதான், ஆனா அந்தப் பாட்டுக்கு அது பொருத்தம். பல்லவி முடிஞ்சுது. கடைசி அடி. 'ஏன்'.

வாயத் தொறந்தேன். காத்து போவுது எனக்குத் தெரியுது. வயிறு அமுங்குது, நெஞ்சு எறங்குது, எல்லாம் சரியா நடக்கு. சத்தம் மட்டும் இல்ல. மைக்குப் போயிட்டுன்னு நெனச்சேன். சத்தியமா மொதல்ல அதுதான் நெனச்சேன். தொறந்த வாய மூடல நான். எண்ணூறு பேரு தலையக் குனிஞ்சு கெடக்காவ, காத்தாடி மட்டும் கறகறன்னு ஓடுது.

மணி அடிச்சுட்டு.

கோயில்குட்டியாரு மேல தப்பில்ல. குரல் நின்னா அடிக்கணும்ங்கது கணக்கு. நான் இன்னும் வாயத் தொறந்துக்கிட்டே நிக்கேன், மணி அடிச்சு முடிஞ்சு, அதோட அதிர்வும் அடங்கிட்டு. ஆல்டோ பக்கம் பாத்தேன். கெசியா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கா. குருவானவரு அஞ்சாம் வார்த்தைய வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு.

வெளிய வந்தா என்ன சொன்னாவ தெரியுமா? சில பேரு கையப் பிடிச்சிட்டு, 'அந்த எடத்துல பாடாம விட்டிய பாருங்க, அதுதான் உருக்கிட்டு'ன்னாவ. வேணும்னே விட்டேன்னு நெனச்சிட்டாவ. நானும் தலைய ஆட்டுனேன்.

வீட்டுக்கு வந்ததும் இவிய வெந்நி போட்டுக் குடுத்தாவ. 'மைக்குக் கோளாறு ரஞ்சிதம். நான் கடைசி வரிசையில நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன். மைக்குத்தான்'ன்னாவ. அவியதான் மொதல்ல சொன்னது. அதப் பிடிச்சிக்கிட்டேன். ஈஸ்டர் அன்னைக்கே மைக்செட்காரரப் பிடிச்சு ஏசுனேன். அவரு நல்ல மனுசன், மிசின எடுத்துக் காட்டி, 'அக்கா, அடுத்த வார்த்தைக்கு இதே மைக்லதான ஐயா பேசுனாங்க'ன்னாரு. நான் விடல. சபையில யூடியூப்ல போடுதாவ, ஆராதனை முழுக்க. பீடத்துல உள்ள சிலுவையத்தான் காட்டும், ஆளுவளக் காட்டாது. அதுல போன வருசத்தையும் அதுக்கு முந்துன வருசத்தையும் போட்டுக் காட்டி, மைக்கு எப்படி இருந்துச்சு இப்ப எப்படி இருக்குன்னு நிரூபிச்சிருவோம்னு உக்காந்தேன்.

இவிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தாவ. தனியா இருந்தேன். முந்துன வருசத்தத்தான் மொதல்ல போட்டேன். நல்லா இருந்துச்சு. கீழ் சுருதியில எங்கரகரப்பு, அது நான்தான். பொறவு 'ஏன்' ஏறுது. ஏறி நிக்கி. அழகா நிக்கி. இருவத்தேழு வயசுல பாடுன அதே குரல். எனக்கே ஆச்சரியம். மணி அடிக்கல, இன்னும் நிக்கி. அதுக்கு நடுவுல ஒரு இருமல்.

மறுபடி போட்டேன். 'ஏன்'னு குரல் நிக்கி. அது மேலயே ஒரு இருமல். ரெண்டு தடவ. குரல் அசையல.

அந்த இருமல் எனக்குத் தெரியும். இத்தன வருசமா எந்தொண்டையில இருக்க இருமல். அன்னைக்கு இருமுனதும் ஞாபகம் இருக்கு. பாட்டு முடிஞ்ச பொறவு இருமுனேன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

இருமிக்கிட்டே பாட முடியுமா? நீயே சொல்லு.

நான் அழல. நிறைய பேரு கேப்பாவ, டாக்டரம்மா கூட கேட்டாவ, மனசு எப்படி இருக்குன்னு. பல்லு பிடுங்க ஊசி போடுவானே, வாய் நம்மளது, கடிச்சாலும் தெரியாது. அது மாதிரி இருந்துச்சு. அப்படியேதான் இருக்கு இன்னைக்கும். போன அணச்சிட்டு வெங்காயம் உரிச்சேன். இவிய மீன் வாங்கிட்டு வந்தாவ, ஆய்ஞ்சேன், கொழம்பு வச்சேன். ருசியா இருந்துச்சுன்னாவ.

மே மாசம் கெசியா கல்யாணக் கார்டு கொண்டு வந்தா. மாப்பிள்ள கோயம்புத்தூரு. இவிய கார்ட வாங்கி மேசையில வச்சிட்டு காப்பி போடப் போயிட்டாவ. அவ என்ன நிமிந்து பாக்கல.

'கெசியா, நீ ஏன் எனக்கு மாறி மாறி மூச்சு வாங்குவ?'ன்னேன். வேற ஒண்ணும் கேக்கத் தோணல.

அந்தப் பிள்ள முந்தானைய முறுக்கிக்கிட்டே இருந்தா. பொறவு சொன்னா, 'நீங்க மூச்சு வாங்குதது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுக்கா.'

'எங்குரல் மாதிரியே எப்படிப் பாடுன?'

'உங்க பழைய கேசட் ஒண்ணு குடுத்தாங்கக்கா. ஆறு மாசம் அதையே கேட்டேன்.'

யாரு குடுத்தான்னு நான் கேக்கல. துரைசிங்கா இருக்கும், வேற யாரு. எங்க வீட்டு பீரோவுல ஒரு கேசட் இருந்துச்சு, அது தொலஞ்சு பல வருசம் ஆச்சு. துரைசிங்கிட்ட ஒண்ணு இருக்கும்போல. நல்லாத் திட்டம் போட்டிருக்கான். எனக்கு அவன் மேல கோவம் கூட வரல. நல்லதுக்குன்னு செஞ்சிருக்கான்.

என் ஒரே பயம் இவிய. இவியளுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்? நாலு வருசமா கடைசி வரிசையில நின்னு, கண்ண மூடிக்கிட்டு, எங்குரலுன்னு நெனச்சு இன்னொருத்தி குரலக் கேட்டுட்டு இருந்திருக்காவ. மனுசன் தாங்குவாவளா? அந்த ஒரு பாட்ட வச்சு வருசத்த ஓட்டுறவிய. அதனால வாயே தொறக்கல. அவிய முன்னால இன்னும் மைக்செட்காரரத்தான் ஏசிட்டு இருக்கேன். அவியளும் ஆமா ஆமாங்காவ.

இப்ப அடுத்த பெரிய வெள்ளி வரப் போவுது, மூணு வாரம் இருக்கு. துரைசிங் கேட்டான், 'அக்கா, இந்த வருசம் நாலாம் வார்த்த...'ன்னு இழுத்தான். பாடுதேன்னேன். ஆனா கெசியா வந்தா எனக்குப் பின்னால நிக்கட்டும்னேன். அவன் என்ன அப்படியே பாத்தான். 'முதுகு வலிக்கிதுல, பின்னால ஒரு ஆளு நின்னா நல்லது'ன்னேன். கண்ணத் தொடச்சிக்கிட்டான். 'மாமாட்ட சொல்லிட்டியளாக்கா?'ன்னான், இவியளத்தான். அவியட்ட எதுக்குச் சொல்லணும்? ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்.

அந்தப் பிள்ள எப்படி வருவான்னு யோசிச்சிட்டே இருந்தேன். கோயம்புத்தூர்ல இருந்து, மாசமா வேற இருக்கா. கூப்பிட எனக்கு வாய் வரல. கடவுள் வழி விட்டாரு பாரு. போன வாரம் இவிய சட்டையத் தொவைக்கப் போடும்போது பையில ரயில் டிக்கெட்டு. கெசியா பேருக்கு, அவ வீட்டுக்காரரு பேருக்கும். பெரிய வெள்ளிக்கு மொத நாளு வாரதுக்கு. இது என்னன்னு கேட்டேன். 'பிள்ள ஊருக்கு வரணும்னு ஆசப்பட்டுது, டிக்கெட்டு கெடைக்கலயாம், அதான் எடுத்து வச்சேன்'ன்னாவ. அவிய மனசு அப்படி. ஒரு சுடிதார் துணியும் எடுத்து வச்சிருக்காவ, மாசமா இருக்க பிள்ளைக்கு தொளதொளன்னு.

அதனால இந்த வருசம் கூடுதல் மாத்திரை வேண்டாம். இந்தா, டாக்டரம்மாட்ட அதத்தான் சொல்லப் போறேன், இனிமே ஒழுங்கா ஒண்ணுதான் போடுவேன்னு. எதுக்குப் போடணும்? வாயத் தொறந்து நிக்கதுக்கு மாத்திரை வேண்டாம். கீழ் சுருதிய நான் பாடிருவேன். மேல வாயத் தொறக்கணும், இருமாம இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு உள்ள வேல. மணி அதது நேரத்துக்கு அடிக்கும். இவிய வீட்டுக்கு வந்து சோத்துத் தட்ட முன்னால வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாவ.

உனக்குக் கேக்கணுமா? இருக்கு, போன்ல இறக்கி வச்சிருக்கேன். இந்தா, காதுகிட்ட வச்சிக்கோ, சத்தமா வேண்டாம். இதுதான் கீழ் சுருதி. இது பல்லவி. இப்ப ஏறும் பாரு. ஆங், ஏறிட்டு. எப்படி நிக்கி? நல்லா இருக்குல்லா? இரு, இன்னும் கொஞ்சம். இப்ப. கேட்டியா? அந்த இருமல்.

அதுதான் நான்.

நாப்பத்தொம்பதா கூப்பிட்டாவ? நமக்கு இன்னும் ரெண்டு. போனக் குடும்மா, சீக்கிரம் குடு. மருந்து வாங்கிட்டு இவிய வாராவ. காதுல மிசின் இருக்கு, கேட்டுரும். நீ பாட்டுக்குச் சும்மா சீட்டப் பாத்துட்டு இரு, அவியட்ட ஒண்ணுங் கேட்டுராத. அவியளுக்கு ஒண்ணுந் தெரியாது.